"சொந்தக் காரணங்களுக்காக" விலகியவர்கள்

சிங்கப்பூரில் வேலையை விடுபவர்கள் கொடுக்கும் கடிதம் பெரும்பாலும் இரண்டு மூன்று வரிதான். சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன், இன்ன தேதி என் கடைசி வேலைநாள், இதுவரை தந்த வாய்ப்புக்கு நன்றி. மனிதவளப் பிரிவு அதைக் கோப்பில் போட்டுவிட்டு அடுத்த ஆளைத் தேட ஆரம்பித்துவிடும். பாலியல் வன்முறைக்கு ஆளான பலர் வேலையைவிட்டு வெளியேறுவது இந்த வழியாகத்தான். யாரும் துரத்தியதாகப் பதிவு இருக்காது. அவர்களே எழுதி, அவர்களே கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

அந்த ஒரு கையெழுத்து பிறகு எத்தனை கதவுகளை அடைத்துவிடுகிறது என்பதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. புகார், மருத்துவப் பரிசோதனை, வழக்கு, சிறை, பிரம்படி என்று செய்தி போய் முடிந்துவிடும். தீர்ப்பு வந்த அன்று அந்தப் பெண்ணின் வங்கிக் கணக்கில் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. (பெண் என்றே எழுதுகிறேன். ஆண்களும் இதற்கு ஆளாகிறார்கள். வேலை, பணம் தொடர்பாக இங்கே சொல்வதில் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும். அவர்கள் வாய்திறப்பது இன்னும் அரிது.)

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு நிலையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017இல் ஒரு கணக்குப் போட்டார்கள். பாலியல் வல்லுறவுக்கு ஆளான ஒருவரின் வாழ்நாள் முழுவதற்கும் அதனால் ஏற்படும் பொருளாதாரச் சுமை ஏறக்குறைய 122,000 அமெரிக்க டாலர். அதில் மருத்துவச் செலவைவிட, நீதித்துறைச் செலவைவிடப் பெரிய பங்கு, பாதிக்கும் சற்று அதிகம், வேலைத்திறன் இழப்பால் வருவது. அந்த நாட்டுத் தொகையை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்க முடியாது. ஆனால் இழப்பு எந்தப் பக்கம் அதிகம் என்பது இங்கும் வேறாக இருக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வேலை எப்படிக் கைநழுவுகிறது

முதலில் தூக்கம் போகும். இரவு மூன்று மணிவரை விழித்துக் கிடந்துவிட்டு ஆறரைக்கு எழ முடியாமல் வேலைக்குத் தாமதம். வந்தாலும் மனம் ஒரு நிலையில் நிற்காது. எப்போதும் தப்பில்லாமல் போடும் இன்வாய்சில் எண் மாறிப்போகும். மின்தூக்கியில் ஓர் ஆண் தனியாக ஏறினால் இறங்கிவிடத் தோன்றும். ஒரு குறிப்பிட்ட எம்ஆர்டி நிலையத்தைத் தவிர்ப்பதற்காக இரண்டு பேருந்து மாறிச் சுற்றிப் போகவேண்டியிருக்கும். மேலாளர் கண்ணில் படுவது இவையெல்லாம் அல்ல. தாமதம், கவனக்குறைவு, அடிக்கடி எம்சி எனும் மருத்துவ விடுப்பு. ஆண்டிறுதி மதிப்பீட்டில் அதுதான் ஏறும். போனஸ் குறையும். "என்னம்மா, முன்ன மாதிரி இல்லையே?" என்று அக்கறையோடு கேட்டாலும் பதில் சொல்ல முடியாது.

வேலை நியமனச் சட்டப்படி, ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு; மருத்துவமனை விடுப்பையும் சேர்த்தால் 60 நாள். போதுமானதுபோலத் தோன்றும். ஆனால் வாக்குமூலம் கொடுக்கப் போகும் நாளும், வழக்கறிஞரைப் பார்க்கும் நாளும், நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் நாளும் நோய் அல்ல. அவை சொந்த விடுப்பிலிருந்துதான் போகும். இதற்கென்று தனி விடுப்பு நம் சட்டத்தில் இல்லை. குடும்ப வன்முறைக்கு ஆளானோருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளத்துடன் விடுப்பு என்று நியூசிலாந்தில் 2019 முதலும் ஆஸ்திரேலியாவில் 2023 முதலும் சட்டமே இருக்கிறது. கணவரோ வீட்டு ஆளோ இழைக்கும் பாலியல் வன்முறையும் அதில் அடங்கும்.

ஒரு விஷயத்தில் இங்கே நல்ல மாற்றம் வந்திருக்கிறது. 2017இலிருந்து, மருத்துவமனை அவசரப் பிரிவில் மற்ற நோயாளிகளுடன் காத்திருக்காமல், கன்டோன்மென்ட் காவல்துறை வளாகத்திலேயே தனி அறையில் தடயப் பரிசோதனை செய்துகொள்ளும் 'ஒன்சேஃப்' நிலையம் இயங்குகிறது. பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடக் கூடாது என்பதும் இப்போது சட்டம். இவை ஒருவரின் மானத்தைக் காப்பவை. மாத வருமானத்தைக் காப்பது வேறு.

ஒரு சம்பளச் சீட்டைப் பிரித்துப் பார்த்தால்

கணக்குக்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். 30 வயது, துவாஸ் பக்கம் ஒரு சரக்குக் கையாளும் நிறுவனத்தில் அலுவலக நிர்வாகி, சம்பளம் 3,200 வெள்ளி. மத்திய சேமநிதிக்கு அவர் பங்கு 640 போக, கைக்கு வருவது 2,560. முதலாளி தன் பங்காக 544 போடுகிறார். இந்த வயதில் சம்பளத்தின் 23 விழுக்காடு சாதாரணக் கணக்கில் சேரும். அதாவது மாதம் 736 வெள்ளி. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக் கடன் தவணை சத்தமில்லாமல் அதிலிருந்து கழிந்துகொண்டிருக்கும்.

வேலை போனதும் நின்றுபோவது கைக்கு வரும் 2,560 மட்டுமல்ல. கண்ணில் படாத அந்த 736உம் நிற்கும். சேமநிதியில் மிச்சம் இருக்கும்வரை தவணை கழியும். தீர்ந்ததும் ரொக்கமாகக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். பலருக்கு இடி விழுவது வேலையை விட்ட மாதத்தில் அல்ல, அதற்குப் பல மாதம் கழித்து. அதற்குள் மனநல ஆலோசனைக்கும் டாக்சிக்கும் பணம் போயிருக்கும். டாக்சியை வீண்செலவாக எண்ணவேண்டாம். இரவு நேரத்தில் பேருந்து நிறுத்தத்தில் தனியாக நிற்க முடியாதவருக்கு அதுவும் மருந்துச் செலவில்தான் சேரும்.

இனி அந்தக் கையெழுத்துக்கு வருவோம். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம், வேலையிழந்தோருக்கு ஆறு மாதங்களில் 6,000 வெள்ளி வரை கொடுக்கிறது. முதல் மாதம் அதிகபட்சம் 1,500, பிறகு படிப்படியாகக் குறைந்து கடைசி மூன்று மாதமும் 750. வேலை தேடியதற்கும் பயிற்சிக்குப் போனதற்கும் மாதாமாதம் கணக்குக் காட்டவேண்டும். இந்நாட்டில் இப்படியொரு திட்டம் வந்ததே பெரிய விஷயம். ஆனால் அது தன் விருப்பமின்றி வேலையிழந்தவர்களுக்கு மட்டும். ஆட்குறைப்பு, நிறுவனம் மூடப்படுவது, பணிநீக்கம், நோயாலோ காயத்தாலோ விபத்தாலோ வேலையிலிருந்து நிறுத்தப்படுவது, இவை ஏற்கப்படும். தானாக விலகியவருக்கு இடமில்லை. "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதிக்கொடுத்தவர் தானாக விலகியவர்.

அப்படியானால் குறைந்த வருமானத்தினருக்கான அரசு நிதியுதவித் திட்டமான காம்கேர் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, நிஜமாகவே உதவும். சமூகசேவை அலுவலகத்தில் குறுகிய, நடுத்தரக்கால உதவிக்கு விண்ணப்பிக்கலாம். கையில் ஒன்றுமே இல்லை என்றால் இடைக்கால உதவியும் உண்டு. ஆனால் அங்கே பார்ப்பது வீட்டின் மொத்த வருமானத்தை. அம்மா, அப்பா, தம்பியின் சம்பள விவரமும் தேவைப்படும். நடந்ததை வீட்டில் சொல்லாத பெண் தம்பியிடம் போய்ச் சம்பளச் சீட்டை எப்படிக் கேட்பாள்? இந்த இடத்தில்தான் குடும்பச் சேவை நிலையத்தின் சமூக ஊழியர் ஒருவர் பக்கத்தில் இருப்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். அதிகாரியிடம் சூழ்நிலையைச் சொல்லி வழிகேட்க அவருக்குத் தெரியும். நம்மவர்களில் பலருக்குப் பழக்கமான சிண்டாவும் (இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) பீட்டி ரோட்டில் ஒரு குடும்பச் சேவை நிலையத்தை நடத்துகிறது.

இன்னொரு சட்ட வழியும் உண்டு, பலருக்கும் தெரியாதது. முதலாளியின் நடத்தையால் வேறு வழியின்றி விலகியதாகக் காட்ட முடிந்தால், அந்த விலகலையும் பணிநீக்கமாகக் கருதி, நியாயமற்ற பணிநீக்கம் என்று புகார் செய்யலாம். மேலதிகாரி தொல்லை கொடுத்தார், புகார் சொல்லியும் நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை என்ற நிலையில் இது பொருந்தக்கூடும். முதலில், அரசாங்கமும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்த, சர்ச்சைத் தீர்வுக்கான முத்தரப்புக் கூட்டணியில் சமரசப் பேச்சு, அது முறிந்தால் வேலை நியமன உரிமைக்கோரல் நடுவர் மன்றம். கெடு, கடைசி வேலைநாளிலிருந்து ஒரே மாதம். குளிக்கவும் சாப்பிடவும் யாராவது நினைவூட்டவேண்டிய நிலையில் இருப்பவருக்கு ஒரு மாதம் என்பது கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

ஆகவே, நெருங்கிய தோழியோ அக்காவோ இப்படி ஒரு நிலையில் இருந்தால் முதலில் சொல்லவேண்டிய வார்த்தை, "போய் கம்ப்ளெயின்ட் கொடு" என்பதுகூட அல்ல, "லெட்டரை இப்போ கொடுக்காதே" என்பதுதான் என்று நினைக்கிறேன். மருத்துவரிடம் போய் விடுப்புச் சான்றிதழ், அது தீர்ந்தால் சம்பளமில்லா விடுப்பு, வேறு கிளைக்கு மாற்றல், பகல் ஷிஃப்ட். இவற்றில் ஏதாவது ஒன்றைக் கேட்டுப் பார்த்து, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொண்டு, அதன் பிறகும் முடியாது என்றால் விலகலாம். அப்போதும் விலகல் கடிதத்தில் உண்மைக் காரணத்தைக் குறிப்பிடலாமா என்று ஒருவரிடம் ஆலோசனை கேட்டுவிட்டு எழுதுவது நல்லது. பெண்கள் உரிமைக்காகப் பாடுபடும் அவேர் அமைப்பின் பாலியல் வன்முறைப் பராமரிப்பு நிலையம் இதற்கெல்லாம் உதவும்: 6779 0282. காவல்துறையில் புகார் கொடுத்திருக்கவேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. 24 மணி நேரமும் இயங்கும் தேசிய உதவி எண் 1800-777-0000.

குற்றவாளி பக்கத்து மேசையில் இருந்தால்

அவேரும் இப்சோஸ் ஆய்வு நிறுவனமும் 2021இல் வெளியிட்ட கருத்தாய்வில், அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் வேலையிடத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாக ஐந்தில் இருவர் சொன்னார்கள். அவர்களில் அதிகாரபூர்வமாகப் புகார் கொடுத்தவர்கள் பத்தில் மூவர்தான். மீதி ஏழு பேரில் எத்தனை பேர் அந்த இரண்டு வரிக் கடிதத்தைக் கொடுத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

காகிதத்தில் பாதுகாப்பு கூடிக்கொண்டுதான் வருகிறது. 2014இன் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் வேலையிடத்துக்கும் பொருந்தும். அதற்கென்றே தனி நீதிமன்றம் 2021 ஜூன் முதல் இயங்குகிறது. வேலையிடத் தொல்லையை எப்படிக் கையாளவேண்டும் என்ற முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பு 2015இலிருந்து இருக்கிறது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம், மனநல பாதிப்பைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது. குறைகளை விசாரிக்க முறையான ஏற்பாடு வைக்கச் சொல்கிறது. முறையிட்டவரைப் பழிவாங்கக் கூடாது என்கிறது. 2027 இறுதிக்குள் நடைமுறைக்கு வரும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. ஆனால் 25 பேருக்கும் குறைவாக வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கு இப்போதைக்கு விலக்கு.

நம்மவர்களில் பலர் வேலை பார்க்கும் இடங்களை எண்ணிப் பாருங்கள். மளிகைக் கடை, நகைக்கடை, உணவகம், துணிக்கடை, சிறிய துப்புரவு நிறுவனம், பாலர் பராமரிப்பு நிலையம். தேக்காவில் ஒரு தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தால் 25 பேரை வேலைக்கு வைத்திருக்கும் கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே மனிதவளப் பிரிவு என்றால் முதலாளியின் மனைவி. தொல்லை கொடுத்தவர் முதலாளியின் மைத்துனராக இருந்தால் புகார்ப் பெட்டி எங்கே வைப்பது? தவிர, அடுத்த வேலைக்குப் போகும்போது "முந்திய இடத்தில் யாரிடம் விசாரிக்கலாம்?" என்று கேட்டால் அதே கடை எண்ணைத்தான் கொடுக்கவேண்டும். ஒரே வட்டாரம், எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள்.

குற்றவாளி வீட்டிலேயே இருந்தால்

குற்றவாளி வெளியாளாக இருந்தாலும், வீட்டில் விஷயம் தெரிந்தபின் நடக்கும் ஒன்று உண்டு. அடிப்பதில்லை, திட்டுவதில்லை. "இனி நீ வேலைக்கே போகவேண்டாம், நாங்க பாத்துக்கிறோம்" என்பார்கள். பாசத்தில் சொல்வதுதான். அதோடு அவளுடைய ஏடிஎம் அட்டை அண்ணனிடம் போய்விடும், கைபேசியை அம்மா பார்ப்பார், ஊரில் மாப்பிள்ளை தேட ஆரம்பிப்பார்கள். வன்முறை செய்தவன் பறித்ததுபோக மிச்சமிருந்த வருமானத்தைப் பாசம் பறித்துக்கொள்ளும். அதைப் பாதுகாப்பு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

கணவரே குற்றவாளி என்றால் பண விஷயம் இன்னும் சிக்கல். மனைவி என்பதால் வல்லுறவு குற்றமாகாது என்ற பழைய விலக்கு 2020 ஜனவரி 1 முதல் இல்லை. திருமண, குடும்ப விவகாரங்களுக்கான சட்டமான மாதர் சாசனத்தில் செய்யப்பட்டு 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தம், பாலியல் கொடுமையும் குடும்ப வன்முறையே என்று தெளிவாகச் சொல்கிறது. 18 வயதானவர் தானே பாதுகாப்பு ஆணைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் கூட்டு வங்கிக் கணக்கு, கணவருக்கும் தெரிந்த சிங்பாஸ் (அரசு மின்னடையாள) மறைச்சொல், மனைவி பெயரில் வாங்கிய கடன், இவற்றைப் பிரித்தெடுப்பது தனி வேலை. சம்பளம் விழும் கணக்கை மாற்றுவது முதல் நாளே செய்யவேண்டியவற்றில் ஒன்று. விசாரணைக்காகக் கைபேசியைக் காவல்துறை எடுத்துக்கொண்டால் சிங்பாசும் இல்லை, பேநௌவும் இல்லை. மறைச்சொல்லை மாற்றவும் முடியாது, வேலைக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. ஒரு பழைய கைபேசியைக் கொடுத்து உதவுவதுகூட இங்கே பொருளாதார உதவிதான்.

தமிழகத்திலிருந்து கல்யாணமாகி, கணவரின் வேலை அனுமதியைச் சார்ந்த டிபெண்டன்ட் பாசில் வந்தவர்கள் இவர்களில் எல்லாரையும்விட இக்கட்டில் இருப்பவர்கள். 2021 மே மாதத்துக்கு முன் அந்தப் பாசில் இருப்பவர் ஓர் அனுமதிக் கடிதத்துடன் வேலைக்குப் போகலாம். இப்போது சொந்த வேலை அனுமதி வேண்டும். எம்ப்ளாய்மென்ட் பாசுக்குக் குறைந்தது 5,600 வெள்ளி சம்பளம், எஸ் பாசுக்கு 3,300. வொர்க் பெர்மிட் என்றால் முதலாளிக்கு வெளிநாட்டு ஊழியர் ஒதுக்கீடும் தீர்வையும் உண்டு. பொறியியல் படித்துவிட்டு ஆறு வருடம் வீட்டில் இருந்தவருக்கு எதுவும் எளிதல்ல. வீட்டைவிட்டு வெளியேறினால் பாசும் போகும், பிள்ளையின் பாசும் கேள்விக்குறி. கணவர் இதைத் தெரிந்துதான் வைத்திருப்பார்.

வீட்டுப் பணிப்பெண்களின் நிலை வேறு. வேலை செய்யும் இடமும் தங்கும் இடமும் ஒன்றே. முதலாளி வீட்டில் கொடுமை நடந்தால் வேலை, வீடு, அனுமதி மூன்றும் ஒரே நாளில் போகும். காப்பகத்தில் சேர்ந்து, விசாரணை முடியும்வரை சிறப்பு அனுமதிச் சீட்டில் காத்திருக்கவேண்டும். ஊரில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் முகவரிடம் பட்ட கடனும் காத்திருக்காது. அரசுத் தரப்புச் சாட்சிகளாக இருப்பவர்கள் வேலை பார்க்க மனிதவள அமைச்சின் தற்காலிக வேலைத் திட்டம் வழிசெய்கிறது. அது கிடைக்கும் நாளுக்கும் புகார் கொடுத்த நாளுக்கும் இடையிலான இடைவெளிதான் பலரைப் புகாரை விட்டுவிட்டு ஊருக்குப் போக வைக்கும்.

திரும்பி வருவது

வேலையில்லை என்றதும் நம் ஊரில் உடனே வரும் ஆலோசனை, ஏதாவது கோர்ஸ் படி என்பது. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை இருக்கிறது, வகுப்புகளும் ஆயிரம் இருக்கின்றன. ஆனால் இவர்களில் பலருக்குத் திறன் குறைவு என்பதே பிரச்சினை அல்ல. பத்து வருடக் கணக்கியல் அனுபவம் உள்ளவரை எக்செல் வகுப்பில் உட்காரவைப்பதால் தூக்கம் திரும்பிவிடாது. வாடகையும் தவணையும் சில மாதத்துக்கு நிற்காமல் ஓட ஒரு வழி, சிகிச்சை, அதன்பின் பாதி நேர வேலை, பிறகு முழு நேரம் என்ற வரிசைதான் பெரும்பாலும் நிலைக்கும். பணக் கவலையோடு முதல் மாதமே கிடைத்த வேலைக்கு ஓடினால், ஆறு வாரத்தில் இன்னொரு விலகல் கடிதம்.

இடைவெளியைப் பற்றி நேர்முகத்தில் கேட்பார்கள். உண்மை முழுவதையும் சொல்லவேண்டிய கடமை இல்லை. "குடும்பத்தில் ஒரு சூழ்நிலை, அது முடிந்தது, இப்போது தயார்" என்பதே போதும். இதைக் குரல் நடுங்காமல் சொல்லும்வரை ஒருவருடன் உட்கார்ந்து ஒத்திகை பார்ப்பது பயனுள்ளது. மனநலச் சிகிச்சை பெற்றதுண்டா என்று விண்ணப்பப் படிவத்தில் கேட்பது பாகுபாடு என்று 2020இலேயே முத்தரப்பு வழிகாட்டி சொல்லிவிட்டது. இன்னும் அந்தக் கேள்வி அச்சடித்த பழைய படிவத்தை நீட்டும் கடைகளைப் பார்க்கலாம். பரிந்துரைக்கு மேலாளர் பெயரைத்தான் தரவேண்டும் என்றில்லை. உடன் வேலை பார்த்த மூத்தவர், வாடிக்கையாளர், தொண்டூழியம் செய்த இடத்துப் பொறுப்பாளர் யாராயினும் சரி. இ2ஐ வேலைவாய்ப்பு நிலையத்திலும் சிங்கப்பூர் ஊழியரணி அமைப்பிலும் வேலை ஆலோசகர்கள் இருக்கிறார்கள். குறைந்த வருமானக் குடும்பப் பெண்களை வேலைக்குத் தயார்படுத்தும் 'டாட்டர்ஸ் ஆஃப் டுமாரோ' போன்ற அமைப்புகள் கூடவே வந்து தோள்கொடுக்கும் வகை.

நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை முறைப்படி கேட்கலாம் என்ற வழிகாட்டி 2024 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. முதலாளி இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்லவேண்டும். ஆனால் அந்த வழிகாட்டி தகுதிகாண் காலம் முடித்தவர்களுக்குத்தான். புதிதாகச் சேர்ந்தவருக்கு மிகவும் தேவைப்படும் அந்த முதல் மூன்று மாதம் அதற்கு வெளியே.

பணம் யார் தருவது

குற்றவாளி தண்டிக்கப்பட்டால் அவர் இழப்பீடு தரவேண்டுமா என்று நீதிமன்றம் கட்டாயம் பரிசீலிக்கவேண்டும். உத்தரவிடவில்லை என்றால் காரணம் சொல்லவேண்டும். 2018இல் வந்த திருத்தம் இது. நல்லதுதான். ஆனால் அது வழக்கின் முடிவில், அதுவும் குற்றவாளியின் பையில் ஏதாவது இருந்தால் கிடைப்பது. வழக்கே போடப்படாதவர்களுக்கு அதுவும் இல்லை.

நியூசிலாந்தில் விபத்து இழப்பீட்டு ஆணையம் என்று ஒன்று உண்டு. கீழே விழுந்து கால் முறிந்தாலும், பாலியல் வன்முறையால் மனம் முறிந்தாலும் அதே ஆணையம்தான் பார்க்கும். சிகிச்சை இலவசம், வேலைக்குப் போக முடியாத நிலை என்று உறுதியானால் வருமானத்தில் 80 விழுக்காடு வரை வாரந்தோறும் வரும். காவல்துறையில் புகார் கொடுத்திருக்கவேண்டியதில்லை, யாரும் தண்டிக்கப்பட்டிருக்கவேண்டியதில்லை. அதற்காக அங்கே தனி வரியும் காப்புறுதிக் கட்டணமும் கட்டுகிறார்கள். நாளைக்கே இங்கே கொண்டுவந்துவிட முடியாது.

ஆனால் இங்கே இருக்கும் திட்டத்தில் ஒரு வரி சேர்க்கலாம். நோயாலும் காயத்தாலும் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவரை வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் ஏற்கெனவே ஏற்கிறது. காயத்தோடு மேலாளர் முன் நிற்க முடியாமல் தானே விலகியவருக்கும் அதே 6,000 வெள்ளி கிடைக்கச் செய்ய, பாதுகாப்பு ஆணை, புகார் எண், மருத்துவரின் அல்லது சமூக ஊழியரின் கடிதம் என்று ஏதேனும் ஒன்றைச் சான்றாக ஏற்றால் போதும். ஏமாற்றுவார்களே என்ற அச்சம் எழலாம். ஆறு மாதம் 750இலிருந்து 1,500 வெள்ளி வரை பெறுவதற்காக ஒருவர் சமூக ஊழியர் முன் உட்கார்ந்து தன் மானத்தையே பொய்யாக அடகுவைப்பார் என்று நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது. அப்படிச் சிலர் இருந்தாலும், தகுதியிருந்தும் கையெழுத்தால் வெளியே நிற்பவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுத்தான் அதை எடைபோடவேண்டும்.